மாற்று உலோக வினையூக்கிகள்

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், ஆஸ்மியம் போன்ற அரிய உலோகங்கள் செய்துவந்த வேலையை இரும்பு, நிக்கல், வனேடியம், செம்பு ஆகிய எளிய உலோகங்களைக் கொண்டு செய்விக்கும் வினையூக்கிகள் இவை. சேலம், நாமக்கல் சமவெளியில் இவற்றைப் பார்க்க ஆய்வகம் தேடிப் போக வேண்டாம்; நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டி வெளியேறும் பி.எஸ்.-6 மாசு விதிக்கு உட்பட்ட ஒவ்வொரு டீசல் லாரியின் சைலன்சர் பெட்டியிலும் ஒன்று இருக்கிறது.

பிளாட்டினம் இங்கே இல்லாத பொருளும் அல்ல. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான வெளிறிய அனார்த்தோசைட் பாறைகளினூடே கரிய குரோமைட் பட்டைகள் ஓடுகின்றன. அப்பட்டைகளில் பிளாட்டினக் குழு உலோகங்கள் கலந்திருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கண்டறிந்துள்ளது. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டிலும் குரோமைட் அடுக்கை ஒட்டியே பிளாட்டினம் கிடைக்கிறது. அங்கே அது பெருஞ்சுரங்கம், இங்கே ஆய்வோடு நிற்கிறது. சித்தம்பூண்டிப் பாறையால் இஸ்ரோ பயன்பெற்றிருக்கிறது. சந்திரயான்-2 ஊர்தியை ஓட்டிச் சோதிக்க வேண்டிய செயற்கை நிலவு மண்ணை இப்பகுதிப் பாறையை அரைத்தே தயாரித்தார்கள்.

அரிய உலோகத்தின் இடத்துக்கு எளிய உலோகம் வந்த வரலாற்றை விலை ஒன்றே நடத்தியதாகப் பலரும் எழுதுகிறார்கள். நச்சுக்கும் அதில் சம பங்கு உண்டு. 1831இல் பெரிகிரின் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேய வினிகர் வியாபாரி, பிளாட்டினத்தைக் கொண்டு கந்தக அமிலம் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் மூல வாயுவில் ஒட்டிவரும் ஆர்செனிக் பிளாட்டினத்தின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் கொண்டுவந்த வனேடியம் ஆக்சைடு, விலையிலும் மலிவு, ஆர்செனிக்கையும் தாங்கியது. கந்தக அமிலத் தொழிலில் பிளாட்டினத்தின் கதை அதன் பின் மெல்ல முடிந்தது.

அம்மோனியாவில் நடந்தது வேறு. 1909இல் ஃப்ரிட்ஸ் ஹேபர் ஆஸ்மியத்தை வைத்து அம்மோனியா எடுத்துக் காட்டினார். பெருந்தொழிலுக்கு வேண்டிய அளவு ஆஸ்மியம் உலகில் இல்லை. பாஸ்ஃபில் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார். வென்றது சுவீடனிலிருந்து வந்த மேக்னடைட் என்ற இரும்புத்தாது. அதனுடன் சிறிதளவு அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்தன. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் கிடப்பதும் மேக்னடைட்தான். நிக்கலோ இதற்கு முன்பே 1897இல் பால் சபாத்தியேவின் கையில் ஹைட்ரஜனேற்றத்துக்குப் பழகிவிட்டது. வனஸ்பதி வந்தது அந்த வழியில்.

வாகனப் புகையில் மலிவு உலோகம் முதலில் தோற்றது. 1971இல் லந்தனம் கோபால்ட் ஆக்சைடு பெட்ரோல் புகையைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை எழுந்தது. எரிபொருளில் இருந்த கந்தகம் அதைக் கெடுத்தது. எனவே 1975இல் அமெரிக்கக் கார்களுக்கும், 1995இல் ஈயமற்ற பெட்ரோலுடன் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதிய கார்களுக்கும் பிளாட்டினக் குழு உலோகங்களே வந்தன.

டீசலில் நிலைமை மாறியதற்குக் காரணம் அம்மோனியா. நைட்ரஜன் ஆக்சைடுகளை அம்மோனியாவால் நைட்ரஜனும் நீருமாக மாற்றும் முறைக்கு 1957இல் காப்புரிமை பெற்ற எங்கல்ஹார்ட் நிறுவனம் முதலில் நம்பியது பிளாட்டினத்தை. 1970களில் ஜப்பானியர் டைட்டானியம் ஆக்சைடின் மேல் வனேடியம் ஏற்றி அதை அனல்மின் நிலையங்களுக்கு ஏற்றதாக்கினர். லாரிக்கு அம்மோனியா சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட முடியாது, எனவே 32.5 சதவீத யூரியாக் கரைசல். ஓட்டுநர்கள் 'ஆட்புளூ' என்றோ வெறுமனே 'யூரியா' என்றோ சொல்வது இதைத்தான். புகைக்குழாயின் சூட்டில் அது அம்மோனியாவாகச் சிதைகிறது. சூடு போதாவிட்டால் குழாய்க்குள் வெள்ளைப் படிகமாக உறைந்துகொள்ளும். மெக்கானிக்குக்கு அது வேலை வைக்கும். யூரியா டாங்கி காலியானாலோ எஞ்சினின் இழுவையே குறைக்கப்படும். மேடேறும் பார வண்டியில் இது விளையாட்டல்ல.

வனேடியம் கந்தகத்தைத் தாங்கும், கடுஞ்சூட்டைத் தாங்காது. செம்பு ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமமோ சூட்டைத் தாங்கும், கந்தகத்துக்கு அஞ்சும். பி.எஸ்.-6 லாரியில் புகைக்கரி வடிகட்டி அவ்வப்போது தன்னுள் சேர்ந்த கரியை எரித்துக்கொள்வதால் பெட்டி கடுமையாகக் காய்கிறது. ஆகவே செம்புக்கு மதிப்புக் கூடியது. அதற்கு வழிவிட்டது, வேதியியலைவிட, 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் டீசலின் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்ததுதான் எனலாம்.

இன்றைய பெட்டியை அறுத்துப் பார்த்தால் மாற்று எதுவரை போயிருக்கிறது என்பது தெரியும். எஞ்சினை ஒட்டிய முதல் வினையூக்கிக் கட்டியில் பிளாட்டினமும் பல்லேடியமும் இருந்து கார்பன் மோனாக்சைடை எரிக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பகுதியை நைட்ரஜன் டை ஆக்சைடாக்கி அடுத்தடுத்த கட்டிகளின் வேலையையும் எளிதாக்குகின்றன. நடுவில் பெரிதாக இருப்பது செம்புக் கட்டி அல்லது வனேடியக் கட்டி. கடைசியில், மீந்த அம்மோனியாவைப் பிடிக்க மறுபடியும் கொஞ்சம் பிளாட்டினம். வண்டி கழிவுக்குப் போகும்போது உருக்குவோர் முதலில் விலை பேசுவது அந்த முன்கட்டிக்குத்தான்.