நவம்பர் பன்னும் வெள்ளிக்கிழமை ஹாலாவும்

அமெரிக்கக் குடும்பங்கள் தேங்ஸ்கிவிங் விருந்துக்குச் சுடும் பார்க்கர் ஹவுஸ் பன் ஒருபுறம். யூதக் குடும்பங்கள் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவுக்குச் சுடும் ஹாலா ரொட்டி மறுபுறம். இரண்டுமே ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, மாவு பொங்கும்வரை காத்திருந்து சுடுபவை. வீடே கூடி உண்பதற்கானவை. பெரிய வேறுபாடு, தலைமுறைகளுக்குக் கைமாறி வரும் விதத்தில்தான்.

பன் பிறந்தது ஓட்டலில். பாஸ்டனில் 1855இல் திறந்த பார்க்கர் ஹவுஸின் சமையலறையில் 1870களில் உருவாகி, சமையல் நூல்கள் வழியே வீடுகளுக்கு வந்தது. பாலும் வெண்ணெயும் தாராளமாகச் சேரும். மாவை வட்டமாக வெட்டி, மரக்கரண்டியின் காம்பால் குறுக்கே பள்ளம் அழுத்தி, உருக்கிய வெண்ணெய் தடவி மடிப்பார்கள். வெந்தபின் மடிப்பு லேசாக வாய் திறக்கும். சூட்டோடு பிய்த்து, வான்கோழிக் குழம்பில் தோய்த்து உண்பார்கள்.

ஹாலாவில் வெண்ணெய்க்கு இடமில்லை. இறைச்சியோடு பால் பொருள் சேரக்கூடாது என்பது யூத உணவு விதி. வெள்ளி இரவு விருந்தில் பெரும்பாலும் இறைச்சி உண்டு. ஆகவே முட்டையும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, மூன்று அல்லது ஆறு புரிகளாகப் பின்னுகிறார்கள். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் பொழுது சாய்வதற்குள் சுட்டாக வேண்டும். பாலைவனத்தில் முன்னோருக்கு ஓய்வுநாளுக்கென இரட்டிப்பாகக் கிடைத்த மன்னா என்னும் உணவின் நினைவாக இரண்டு ரொட்டிகளைத் துணியால் மூடி வைப்பார்கள். திராட்சை ரசத்துக்கு ஆசி சொல்லி, கை கழுவி, ரொட்டிக்கும் ஆசி சொன்ன பிறகு, உப்புத் தொட்ட துண்டு ஆளுக்கொன்று கிடைக்கும்.

தேங்ஸ்கிவிங் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் என்று 1941இல் சட்டமே வந்தது. ஆனால் பன்னைச் சுட விதி எதுவும் இல்லை. அதைப் பெரும்பாலும் பாட்டியின் கைப்பக்குவமே காக்கிறது. அவர் கை ஓய்ந்தால் குறிப்பு மட்டும் மிஞ்சும், மாவின் பதம் யாருக்கும் பிடிபடாது. ஹாலா சுடும் வீட்டிலோ வாரந்தோறும் பிள்ளைகளுக்கும் ஓர் உருண்டை மாவு கிடைக்கிறது. கோணலாகப் பின்னிப் பின்னியே அவர்கள் தேறிவிடுகிறார்கள்.

சுவையில் எது உயர்ந்தது என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. கைமாறுவதில் ஹாலாவின் வழியே உறுதியானது. நம் வீட்டுச் சமையலும் பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டுமானால், வாரத்தில் ஒரு நாளைக் குறித்து அவர்களையும் மாவில் கைவைக்க விடுங்கள்.