பேராதனையில் சாய்ந்து நிற்கும் மரங்கள்

பசிபிக் சமுத்திரத்துத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க எனக்கு வாய்த்ததில்லை. வெள்ளை மணல், நீலக் கடல், தென்னை நிழலில் ஓய்வு என்று பிரயாண விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. ஆனால் நேயர்களே, அந்தத் தீவுகளின் ஒரு துண்டைக் கண்டியிலிருந்து ஏறத்தாழ 4 மைல் பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கிறேன். பேராதனைப் பூங்காவைத்தான் சொல்கிறேன்.

மூன்று புறமும் மகாவலி கங்கை வளைந்தோடுவதால் அதுவே ஒரு தீவு மாதிரிதான். கண்டி மன்னரின் தோட்டமாக இருந்த இடத்தில், 1821இல் அலெக்சாண்டர் மூன் இன்றைய பூங்காவைத் தொடங்கிவைத்தார். உள்ளே குக் பைன் மரங்கள் அணிவகுத்த சாலை ஒன்றுண்டு. வளைந்தும் நெளிந்தும் நிற்கும் அந்த மரங்களைக் கலியாணப் படம் பிடிப்பவர்கள் விட்டுவைப்பதில்லை. அவற்றின் தாயகம் நியூ கலிடோனியா. 1774இல் கப்டன் குக் அங்கு போனபோது, தூரத்தில் தெரிபவை மரங்களா கல் தூண்களா என்று கப்பலில் வாக்குவாதமே நடந்தது. எங்கே நட்டாலும் இந்த மரம் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாய்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பிறந்த மண்ணைத் தேடித்தான் சாய்கிறதோ என்று நான் நினைத்திருந்தேன். விஞ்ஞானம் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

நம் வீட்டுக் கறிச்சட்டியில் வேகும் ஈரப்பலாவும் பசிபிக் பக்கத்து மரமே. தாஹிட்டியிலிருந்து அதன் கன்றுகளை ஏற்றிவந்த பவுண்டி கப்பலில்தான் 1789இல் கலகம் மூண்டது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவான உணவு வேண்டும் என்பதற்காகவே அந்தக் கன்றுகள் பயணப்பட்டன. செடியை இடம் மாற்றிய கைதான் ஆளையும் இடம் மாற்றியது.

பேராதனை ஆற்றின் அக்கரையில் இருப்பது கன்னொறுவை. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே கோப்பி பயிரிட்டார். கோப்பி மலையெங்கும் பரவியதும், தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிஜித் தீவின் கரும்புக்கும் ஆள் தேவைப்பட்டது. 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு போனார்கள். சென்னையிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903இல். பாரதியார் பிஜியைக் கண்டதில்லை. ஆனால் அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் கண்ணீர் அவர் பாட்டில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்த நாளில், எங்கள் லயத்தைப் பற்றித்தான் பாடியிருக்கிறார் என்றே நம்பினேன்.

உல்லாசமாக வந்தவர்களும் உண்டு. 1922இல் ஆங்கில எழுத்தாளர் டி. எச். லோரன்ஸ் கண்டியில் ஏறத்தாழ ஆறு வாரம் தங்கினார். வெக்கை அவருக்குப் பிடிக்கவில்லை. பெரஹரா யானைகளைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பிறகு அவுஸ்திரேலியா போய், அதே ஆண்டில் தாஹிட்டி வழியாக அமெரிக்கா சேர்ந்தார். ஊர் பிடிக்காவிட்டால் அடுத்த கப்பல்! எங்கள் ஆட்களுக்கு அப்படியொரு கப்பல் இருக்கவில்லை.

1960களில், கம்பளைக்கு அப்பால் எங்கள் தோட்டத்திலிருந்து பாட்டியைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவருக்கு மரம் பார்க்கக் காசு கொடுப்பது வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் பெயரும் தாயகமும் எழுதிய தகடு இருந்தது. நான் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தார். சாய்ந்த மரத்தடியில் நின்று, “நியூ கலிடோனியா” என்றேன்.

பாட்டி மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“அது எங்கிட்டு இருக்கு அய்யா? நம்ம துறையூருக்கு அங்கிட்டா, இங்கிட்டா?”