மந்திரக் கயிறா, மருந்தா?

"மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கால் வீங்குகிறது" என்கிறாள் கருவுற்ற பெண். நம் வீடுகளில் அவளுக்குக் கிடைக்கும் விடை என்ன? "பிள்ளைத்தாய்ச்சிக்கு இது இயல்புதான்" என்கிறார் ஒருவர். "காத்துக் கருப்புப் பட்டிருக்கும், கயிறு மந்திரித்துக் கட்டு" என்கிறார் மற்றொருவர். முன்னவர் வாயை அடைக்கிறார். பின்னவர் கையைக் கட்டுகிறார். ஏன் என்று கேட்பார் இல்லை!

கேட்டார் ஒரு பெண். அவர் பெயர் லூசி வில்ஸ்.

1888இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் 1911இல் தாவரவியலும் நிலவியலும் கற்றுத் தேறினார். தேறியும் பட்டம் இல்லை. பெண்ணுக்கு முழுப் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் 1948 வரை மறுத்தது. மனுவின் மூளை கங்கைக் கரையில் மட்டுமா இருந்தது? அவர் சோர்ந்துவிடவில்லை. இலண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் பயின்று மருத்துவரானார்.

1928இல் அவர் பம்பாய் வந்தார். அங்கே துணி ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கருவுற்ற காலத்தில் குருதிச்சோகையால் வெளிறினர், பலர் மாண்டனர். தலைவிதி என்று நாடு சொன்னது. வில்ஸ் அவர்களுடைய உணவுத் தட்டைப் பார்த்தார். காரணம் கிருமியோ என்று முதலில் தேடினார். இல்லை என்று கண்டார். 1929இல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், அந்த ஏழைகளின் உணவை எலிகளுக்கு ஊட்டி ஆராய்ந்தார்.

1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பணியாற்றினார். அம்மருத்துவமனையின் அந்நாளைய பெயர் என்ன தெரியுமா? சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்குமான மருத்துவமனை! நோய்க்குச் சாதி இல்லை. நோய் தீர்க்கும் மனைக்குச் சாதிப் பெயர்! பின்னர் அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆயிற்று.

விடை எளியதாக இருந்தது. மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையை நீக்கியது. 1931இல் அதை உலகுக்கு அறிவித்தார். அதிலிருந்த பொருளை 1941இல் அறிஞர்கள் கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். மந்திரம் தராத விடையைக் கீரை தந்தது!

போர்வைக்குப் பெயர்பெற்ற எங்கள் சென்னிமலைக்கு இவ்வரலாறு அயலானதன்று. பம்பாயில் ஆலை, இங்கே தறி. குழித்தறியில் மிதிப்பலகை மிதிப்பவளும், இராட்டையில் தார் சுற்றுபவளும் கருவுறுகிறார்கள். கருக்காலத்தில் உடலின் குருதி ஏறத்தாழப் பாதியளவு பெருகுகிறது. அதற்கேற்ற இரும்புச்சத்து இல்லையேல் களைப்பும் மூச்சிரைப்பும் வருகின்றன. வளரும் கருப்பை நாளங்களை அழுத்துவதால் கால் வீங்குகிறது. உட்சுரப்பு நீர் குடலின் வேகத்தைக் குறைப்பதால் நெஞ்சு எரிகிறது, மலம் கட்டுகிறது. இதில் பேய்க்கு எங்கே இடம்?

காலை உயர்த்தி இளைப்பாறட்டும். சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணட்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டா; தேநீர் சத்து சேர்வதைத் தடுக்கும். முகமும் கையும் வீங்கினாலோ, கடுந்தலைவலியுடன் பார்வை மங்கினாலோ, குருதி கசிந்தாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆயினும் இளைப்பாற நேரம் யார் தருவது? பம்பாய்ச் சட்டமன்றத்தில் தாய்மைப் பேற்று உதவிக்காக 1928இல் அம்பேத்கர் வாதாடினார். 1929இல் அங்கே சட்டம் வந்தது. 1961இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 2017இல் விடுப்பு 26 வாரமாயிற்று. ஆனால் வீட்டுத் தறியில் அமர்ந்தவளுக்கு விடுப்பை யாரிடம் கேட்பது? மருத்துவர் முத்துலட்சுமி பெயரால் தமிழ்நாடு அரசு தரும் 18,000 ரூபாய் அவளுக்குக் கைகொடுக்கிறது, அது வேண்டும். அது மட்டும் போதாது.

எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளே குலமகள் என்று புகழ்ந்தோமே, அந்தப் புகழ்ச்சியே அவள் குருதியை உறிஞ்சியது! அதை ஒழிக்க அரசாணை வேண்டுமா? தோழனே, உன் அக்காள், உன் அண்ணி, உன் துணைவி, இவர்கள் முதலில் உண்ணட்டும். அவள் நூற்கும் இராட்டையைச் சில திங்கள் நீ சுற்று.

கயிற்றை அவிழ்க்கும் அதே கை, அவள் தட்டில் கீரையையும் வைக்கட்டும்!