இரைப்பை அழற்சி

இரைப்பையின் உட்புறச் சளிச்சவ்வில் வெள்ளணுக்கள் திரண்டு வீக்கமும் சிதைவும் உண்டாக்கும் நிலை இரைப்பை அழற்சி. உயிருள்ள மனிதரிடம் இதை நேரில் கண்டு எழுதிய முன்னோடி, அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட். துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் ஆறாத துளையோடு வாழ்ந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இரைப்பை சிவந்து புண்ணாவதைப் பார்த்து, 1833இல் நூலாக்கினார்.

அதன்பின் நூறாண்டுக்கு மேலாகக் கார உணவும் கவலையும் அமிலமுமே காரணமாகச் சொல்லப்பட்டன. 1954இல் ஆய்வாளர் எடி பாமர் 1,180 பேரின் திசுக்களைச் சோதித்து, அங்கே கிருமி இல்லை என்று முடிவுகட்டினார். ஆனால் அவர் பயன்படுத்திய சாயம் அங்கு வாழும் கிருமியைத் தெளிவாகக் காட்டாது. அந்த ஒரு முடிவு ஆராய்ச்சியை வெகுகாலம் முடக்கிப்போட்டது.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன், அழற்சி கண்ட திசுக்களில் வளைந்த நுண்ணுயிரிகளைக் கண்டார். 1982இல் மருத்துவர் பாரி மார்ஷலுடன் சேர்ந்து அவற்றை வளர்த்தெடுத்தார். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பையில் அழற்சி தோன்றுவதை நிரூபித்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அழைக்கப்படும் அக்கிருமியைக் கண்டறிந்ததற்காக இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதைவிட ஆழமான கேள்வி அடுத்து எழுந்தது. இக்கிருமி பெரும்பாலும் சளிப்படலத்திலேயே தங்கிவிடுகிறது. திசுவுக்குள் அதிகம் நுழைவதில்லை. பிறகு வெள்ளணுக்களை அழைப்பது யார்? சளிச்சவ்வின் மேற்பரப்புச் செல்களே என்பது 1990களில் தெளிவாயிற்று. அவை இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தைச் சுரந்து நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. கிருமி தன் ஊசி போன்ற உறுப்பால் காக்-ஏ புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துவது 2000இல் தெரியவந்தது. அதே வழியாக நுழையும் கிருமியின் செல்சுவர்த் துணுக்குகளை நாட்-1 என்ற உணரி கண்டுகொண்டு அபாயக்குறி எழுப்புவதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் உடலின் பொதுவான உணரிகள் சிலவற்றிடம் கிருமி எளிதில் சிக்குவதில்லை: அதன் கசையிழைப் புரதம் டிஎல்ஆர்-5 உணரிக்குப் பிடிபடாது. ஆகவே படை திரண்டும் கிருமி அழிவதில்லை. வெள்ளணுக்கள் வெளிவிடும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் நம் திசுவையே அரிக்கின்றன. இந்நோயின் உண்மையான கொடுமை இதுவே.

எல்லோருக்கும் ஒரே அளவில் கேடு வருவதில்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மிகுதியாகச் சுரக்கத் தூண்டும் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கு அமிலச் சுரப்பு குன்றி, சுரப்பிகள் தேய்ந்து, புற்றுநோய் அபாயம் கூடுவதை ஆய்வாளர் எமாத் எல்-ஓமர் 2000இல் காட்டினார். 2001இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. 2013 முதல் ஜப்பானின் மருத்துவக் காப்பீடு, புண் வரும்வரை காத்திராமல், அழற்சி நிலையிலேயே கிருமியை ஒழிக்கும் சிகிச்சைக்குச் செலவு ஏற்கிறது.