செல்ட்டா

செல்ட்டா என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராத வளர்ந்தோருக்கு அம்மொழியைக் கற்பிக்க விரும்புவோருக்கான தொடக்கநிலை ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் ஆகும். இதனைக் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு வழங்குகிறது. கற்பித்தலில் முன்னனுபவம் இல்லாதவர்களும் இதில் சேரலாம். பல நாடுகளிலுள்ள தனியார் மொழிப் பள்ளிகள் இச்சான்றிதழை ஏற்கின்றன.

வரலாறு

ஜான் ஹேகிராஃப்ட், பிரிட்டா ஹேகிராஃப்ட் இணையர் 1953இல் எசுப்பானியாவின் கோர்தோபா நகரில் ஒரு மொழிப் பள்ளியைத் தொடங்கினர். இதிலிருந்து வளர்ந்த இன்டர்நேஷனல் ஹவுஸ் நிறுவனம் 1962இல் இலண்டனில் குறுகிய கால ஆசிரியப் பயிற்சி ஒன்றை நடத்தியது. செல்ட்டாவின் மூலம் இப்பயிற்சியே. 1970களில் அரச கலைக் கழகம் இத்தகைய பயிற்சிக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. 1988இல் அப்பொறுப்பு கேம்பிரிட்சுக்கு மாறியது. செல்ட்டா என்னும் பெயர் 1996இல் சூட்டப்பட்டது.

சேர்க்கைத் தகுதி

விண்ணப்பிப்போர் 18 வயது நிறைந்தவராகவும், உயர்கல்வியில் சேரத்தக்க பள்ளிக் கல்வி உடையவராகவும் இருத்தல் வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சி ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின் சி1 நிலையிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. எழுத்துப் பணி, நேர்காணல் ஆகியவற்றின் வழியே தெரிவு நடைபெறும்.

பயிற்சியும் மதிப்பீடும்

முழுநேரப் பயிற்சி பொதுவாக 4 அல்லது 5 வாரங்கள் நீடிக்கும். பகுதிநேரமாகவும் இணையவழியாகவும் பயிலலாம். இதன் முதன்மைக் கூறுகள்:

• குறைந்தது 120 மணிநேரப் பயிற்சி
• உண்மையான மாணவர்களுக்கு 6 மணிநேரம் கற்பித்தல்
• அனுபவமிக்க ஆசிரியர்களின் வகுப்புகளை 6 மணிநேரம் பார்வையிடல்
• 4 எழுத்துப் பணிகள்

பயிற்சி பெறுவோர் இரு வேறு நிலை மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டம் எழுதுவதும், வகுப்பு முடிந்ததும் பயிற்றுநருடனும் சக பயிற்சியாளர்களுடனும் நிறைகுறைகளை ஆராய்வதும் கட்டாயம். இறுதித் தேர்வு கிடையாது. மதிப்பீடு தொடர்ச்சியாக நடைபெறும். தேர்ச்சி பெற்றோர் தேர்ச்சி, தேர்ச்சி பி, தேர்ச்சி ஏ என மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுவர்.

வரையறைகள்

செல்ட்டா ஓர் ஆசிரியப் பட்டத்துக்கு ஈடானதன்று. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் தகுதிபெற்ற பள்ளி ஆசிரியர் என்னும் நிலையை இது தருவதில்லை. இந்தியப் பள்ளிகளில் ஆசிரியர் பணிக்குக் கோரப்படும் கல்வியியல் பட்டத்துக்கும் இது மாற்றாகாது. சில நாடுகளில் சான்றிதழைவிடக் குடியுரிமையே முதன்மை பெறுகிறது. தென் கொரியாவின் ஆங்கில உரையாடல் ஆசிரியர் நுழைவுரிமை, பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே வழங்கப்படுகிறது. எனவே கட்டணம் செலுத்துமுன் தாம் பணியாற்ற விரும்பும் நாட்டின் விதிகளை அறிதல் இன்றியமையாதது.

விவாதங்கள்

தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்னும் கருத்தை இராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளியான தமது நூலில் மறுத்தார். அங்கேரியரான பீட்டர் மெட்ஜெஷ், ஆங்கிலத்தைத் தாமே முயன்று கற்ற ஆசிரியர் மாணவரின் இடர்களை முன்னுணர வல்லவர் என வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, மேலை நாடுகளில் உருவான கற்பித்தல் முறைகள் பிற நாட்டு வகுப்பறைகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதை 1999இல் வெளியான தமது நூலில் யாழ்ப்பாண மாணவர்களைக் கொண்டு விளக்கினார்.

இவற்றையும் பார்க்க

• இரண்டாம் மொழி
• மொழி கற்பித்தல்
• ஆங்கிலம்