கனம் குறைந்த கூரை: கோபர்கைரனே தொழிற்கூடங்களில் இரும்பு டிரஸ் வந்த வழி

தானே–பேலாப்பூர் சாலைக்கு மேற்கே சிட்கோவின் செக்டர்கள், கிழக்கே பார்சிக் குன்றின் அடிவாரம் வரை எம்.ஐ.டி.சி. தொழிற்கூடங்கள். நவி மும்பைக் கோபர்கைரனேயின் அமைப்பு இதுதான். எம்.ஐ.டி.சி. எனப்படும் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962இல் தொடங்கியது. நகரமைப்புக் கழகமான சிட்கோ பிறந்ததோ 1970இல். ஆக்ரி, கோலி மக்களின் பழைய ஊர்களை அடுத்து இங்கே முதலில் எழுந்தவை தொழிற்கூடங்களே, அடுக்குமாடிகள் பின்னால் வந்தவை. பழைய கூடங்களுக்கு ஏறத்தாழ ஒரே சாயல். இரண்டு வரிசைத் தூண்கள், அவற்றின் தலையில் முக்கோண இரும்பு டிரஸ், டிரஸ்ஸின் மேல் பர்லின் என்னும் குறுக்குச் சட்டங்கள், பர்லின் மேல் அலையலையான கல்நார் சிமெண்ட் அட்டை. இப்போது அந்த அட்டைகள் கழற்றப்பட்டு, வண்ணம் பூசிய மெல்லிய தகடுகள் ஏறிவருகின்றன. இந்த மாற்றம் எங்கே இடறுகிறது என்பதைக் காண, டிரஸ் நடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காலை மண்ணில் ஊன்றி மேலே கூரை போடுவது நமக்குப் பழகிய வேலை. திருநெல்வேலிச் சீமையின் மாட்டுத்தொழுவம் அப்படித்தான் நின்றது. ஊன்றிய காலே காற்றின் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கிவிடும். சுவர் வேண்டியதில்லை, தனி அஸ்திவாரமும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1930களில் பெர்னன் பெர்கின்ஸ் என்பவர் பண்ணைக் கொட்டகைகளுக்கு இதே தத்துவத்தை ஒரு முறையாக வகுத்தார். பின்னாளில் அங்கே ஊன்றிய கால்களின் மேல் இரும்பு டிரஸ் ஏற்றும் பழக்கமும் வந்தது. தானே கடற்கழிக் கரையிலோ மரக்கால் நிலைக்காது. கரையோரம் களிமண், உப்பு ஈரம், நான்கு மாத மழை, அதன்பின் கரையான். அதனால் இங்கே தூண் மண்ணுக்குள் போகாமல் கான்கிரீட் மேடையில் உட்கார்ந்தது. அடித்தகடும் நான்கு நங்கூர போல்ட்டும் மண்ணின் பிடிக்குப் பதிலாயின. கூரை மேலே எழும்பாமல் காக்கும் கடைசிக் கண்ணியும் அவைதாம்.

இரும்பு டிரஸ் பம்பாய்க்குப் புதிதல்ல. பிரான்சில் கமில் பொலன்சோ 1830களின் இறுதியில் தம் டிரஸ் வடிவத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஆல்பர்ட் ஃபிங்க் 1854இல் தம்முடையதற்குக் காப்புரிமை பெற்றார். அதே 1854இல்தான் காவஸ்ஜி தாவர் பம்பாயின் முதல் நூற்பாலைக்கு அடி போட்டார். ஆலைகள், ரயில்வே பட்டறைகள், 1869இல் முடிந்த கிராஃபோர்டு மார்க்கெட் என இரும்புக் கூரைகள் வரிசையாக எழுந்தன. இரும்பு பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த காலம் அது. ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்த்தது 1912இல். அக்காலக் கூரைகள் தாராளமானவை. கனத்த உறுப்புகள், நெருக்கமான ரிவெட். கைரனே டிரஸ்ஸின் ஒல்லியான உடம்பை அவற்றிலிருந்து விளக்க முடியாது.

அந்த உடம்பைத் தந்தது தட்டுப்பாடு. சுதந்திர இந்தியாவில் எஃகு அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பண்டம். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1950இல் எஃகுச் சிக்கனத் திட்டத்தைத் தொடங்கியது. எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 விதித்தொகுப்பு 1956இல் வந்தது, குழாய்களுக்கான ஐ.எஸ். 806 அதற்கு அடுத்த ஆண்டு. இரும்புக்கூரைக் கூடங்களுக்கான ஆயத்த வடிவமைப்புகளைத் தொகுத்த எஸ்.பி. 38 என்னும் கையேடு 1987இல் வெளியானது. இவற்றின் ஊடே ஓடும் கவலை ஒன்றே: குறைந்த எஃகில் அதிகப் பரப்பை மூடுவது. எஃகு அரிது, வெல்டரின் கூலியோ மலிவு. எனவே சிறுசிறு ஆங்கிள்களை வெட்டி, கஸெட் தகட்டில் சேர்த்து, நிறைய முடிச்சுகளோடு டிரஸ் கட்டுவதே கட்டுபடியானது. அட்டையும் தன் பங்குக்கு வடிவத்தை நிர்ணயித்தது. 6 மில்லிமீட்டர் சிமெண்ட் அட்டைக்கு பர்லின்களுக்கு இடையே 1.4 மீட்டருக்கு மேல் விடக்கூடாது. உறுப்புகள் சேரும் முடிச்சின் மேல் பர்லின் உட்கார்ந்தால்தான் டிரஸ்ஸின் மேல்கை வளையாது. அதனால் முடிச்சுகள் நெருங்கின, உள்கால்கள் பெருகின. 12 மீட்டர் அகல டிரஸ்ஸை அண்ணாந்து பார்க்கிறவருக்குத் தெரியும் சிலந்திவலை, பாதி அட்டையின் அளவால் வந்தது.

பட்டறையில் இதைச் செய்யும் விதமும் அந்தக் காலத்தது. தரையில் சாக்பீஸால் முழு அளவில் டிரஸ்ஸைக் கோடு போட்டு, ஆங்கிள்களை அதன்மேல் கிடத்தி, முதலில் புள்ளி வெல்டு வைத்துப் பிடிப்பார்கள். முதல் டிரஸ் சரியாக வந்தால் அதுவே அடுத்தவற்றுக்கு அச்சு. மும்பைப் பட்டறைகளில் டிரஸ்ஸுக்குக் ‘கைஞ்சி’ என்றுதான் பெயர். தாராவியிலிருந்து வேலைக்கு வரும் தமிழரும் அப்படியே சொல்வார்கள், தகட்டைப் ‘பத்ரா’ என்பார்கள்.

1992 ஜனவரியில் எஃகின் விலை, விநியோகக் கட்டுப்பாடு நீங்கியது. கர்னாக் பந்தரின் இரும்பு வணிகத்துக்காகச் சிட்கோ ஏற்படுத்திய களம்போலிச் சந்தையில் சதுரக் குழாய், செவ்வகக் குழாய், இசட் பர்லின் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. கூலி ஏறியது, நாளுக்கும் விலை வந்தது. ஆலையிலேயே வெட்டி, துளையிட்டு, லாரியில் வந்து போல்ட்டில் பூட்டும் சட்டகக் கூடங்கள் புதிய மனைகளைப் பிடித்துக்கொண்டன. பழைய கூடங்களில் டிரஸ் அப்படியே நிற்க, அட்டை மட்டும் மாறத் தொடங்கியது. கல்நார்த் தூசியின் கேட்டை எண்ணினால் அட்டை போவது நல்லதே. ஆனால் கணக்கை யாரும் திரும்பப் போடுவதில்லை. என் குறை இதுதான்.

சிமெண்ட் அட்டை சதுர மீட்டருக்குச் சுமார் 16, 17 கிலோ. அரை மில்லிமீட்டர் தகடு 5 கிலோவை ஒட்டித்தான். பர்லினும் டிரஸ்ஸும் சேர்ந்து சுமார் 35 கிலோ இருந்த கூரை 23, 24க்கு அருகே இறங்கிவிடுகிறது. காற்றோ குறையவில்லை. ஐ.எஸ். 875 மும்பைக்கு வகுத்த அடிப்படை வேகம் நொடிக்கு 44 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 118 கிலோ. பெரிய திறப்புகள் உள்ள கூடத்துக்கு உள்ளழுத்தக் கெழு 0.7. அதாவது உள்ளே புகும் காற்று மேலே தள்ள, வெளியே ஓடும் காற்று உறிஞ்ச, இரண்டும் சேர்ந்து கூரையைச் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் தூக்கும். ஷட்டரைத் திறந்துவைத்தே வேலை நடக்கும் கைரனேயில் இது ஏட்டுக்கணக்கு அல்ல. 2021 மே 17இல் தவுக்தே புயல் கரைக்கு அப்பால் கடந்து சென்றபோது கொலாபாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகம் பதிவானது. 44 மீட்டர் என்பது மணிக்கு 158.

கூரை மேலே இழுபடும்போது டிரஸ்ஸின் உறுப்புகள் வேலை மாற்றிக்கொள்கின்றன. எடையைத் தாங்கும்போது இழுவிசையில் இருந்த கீழ்க்கை அமுக்கத்துக்கு வருகிறது. ஒல்லியான ஆங்கிள் பக்கவாட்டில் வளைய இடம் தேடும். ஐ.எஸ். 800 இத்தகைய உறுப்பின் ஒல்லித்தன்மைக்கு 350 என்று வரம்பு வைத்ததும், கீழ்க்கைகளை டிரஸ்ஸுக்கு டிரஸ் இணைக்கும் கட்டுக்கம்பிகள் வேண்டியிருப்பதும் இதற்காகவே. பழைய கூடங்கள் சிலவற்றில் அந்தக் கம்பிகளைக் கிரேன் போக வழிவிடவென்று அறுத்திருப்பார்கள். அட்டையைப் பிடித்த ஜே ஹூக்குகள் கழுத்தில், பிட்டுமன் வாஷருக்குக் கீழே, துருவேறி மெலிந்திருக்கும். அடித்தகட்டைச் சுற்றித் தரையை உயர்த்திக்கொண்டே வந்ததால் நங்கூர போல்ட்டின் மரை கான்கிரீட்டுக்குள் புதைந்து, அதன் நிலையைக் கண்ணால் பார்க்க வழியே இருக்காது. புதுத்தகடு ஏற்றும் ஒப்பந்தத்தில் தரையைக் கொத்தி அந்த நான்கு போல்ட்டையும் வெளிக்கொணர்ந்து பார்ப்பதையும், அறுத்த கட்டுக்கம்பியைத் திரும்பப் பூட்டுவதையும் முதல் இனமாக எழுத வேண்டும். தகட்டின் நிறம் அதற்குப் பிறகு.