பாம்பு அளந்த ஊரும் தேர் அளக்கும் வீதியும்

மேலமாசி வீதி நீர்மோர்ப் பந்தல் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று அன்பர்கள் இருவர் இல்லம் தேடி வந்து பணித்தபோது, அவ்வீதியிலேயே பிறந்து, அதன் திண்ணையிலேயே எழுத்துக்கூட்டிப் படித்த அடியேனுக்கு மறுக்க நாவெழவில்லை. அம்மையின் திருக்கல்யாண வைபவத்தையோ அழகர் ஆற்றில் இறங்கும் கோலாகலத்தையோ மதுரை மாந்தருக்கு நான் விவரிக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாக முடியும். ஆதலின் அவற்றை விடுத்து, வீதியைப் பற்றி மட்டும் எனக்குத் தோன்றியவற்றைச் சொல்லுகிறேன்.

வீதியென்று சொன்ன மாத்திரத்தில் என் மனம் பரஞ்சோதி முனிவரிடம் போய்விடுகிறது. திருவாலவாயான படலத்தில், பிரளயம் வடிந்தபின் நகரின் பழைய எல்லை தெரியாமல் மயங்கிய வங்கியசேகர பாண்டியன் இறைவனை வேண்ட, சித்தராக எழுந்தருளிய பெருமான் தம் திருக்கையில் கங்கணமாகக் கிடந்த பாம்பை ஏவ, அது ஊரை வலமாகச் சூழ்ந்து தன் வாலைத் தன் வாயிலே வைத்து எல்லை காட்டியதாக முனிவர் பாடுகிறார். நகரளப்போருக்குச் சங்கிலியும் கோலும் கருவிகள்; நம் ஊருக்கோ ஆண்டவனின் ஆபரணமே அளவுகோலாயிற்று! இதே சரிதத்தைப் பரஞ்சோதியாருக்கு முன்னரே பாடிய பெரும்பற்றப்புலியூர் நம்பியின் நூலில் திருவிளையாடல்களின் வைப்புமுறை வேறுபடும். அவ்வேறுபாடுகளை ஆராயப் புகுந்தால் மலர்க்குழுவினர் அளித்த பக்கங்கள் போதா.

பரிபாடலைச் சேர்ந்த பழம்பாட்டொன்றில் மதுரை தாமரைப் பூவாகவும், தெருக்கள் அதன் இதழ்களாகவும், நடுவிலுள்ள கோயில் பொகுட்டாகவும் உவமிக்கப்பெறுகின்றன. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனாரோ தெருவின் அகலத்துக்கும் நீளத்துக்கும் ஆற்றையே உவமை காட்டுகிறார். இதழ் அடுக்கைக் கண்டவர் ஒருவர். ஓடும் ஜனப் பிரவாகத்தைக் கண்டவர் மற்றொருவர். இரண்டும் நம் வீதிக்குப் பொருந்துமென்பதைச் சித்திரைத் திருவிழாக் காலத்தில் ஏதேனுமொரு மாடியில் நின்று பார்த்தவர் அறிவர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் கண்ட கூலவீதியில் நிறைகோலும் அளவு மரக்காலும் கொண்டு வணிகர் திரிந்தார்கள். இன்றும் கீழமாசி வீதியின் பலசரக்கு மண்டிகளைக் கடந்து செல்லுகையில், மிளகும் மஞ்சளும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் இளங்கோவடிகள் நினைவுக்கு வராத நாளில்லை.

வீதிகளுக்குச் சித்திரை, மாசி என்று மாதப் பெயர்கள் வாய்த்ததற்கு அந்தந்த மாதத்து உற்சவங்களே காரணம். சதுரத்துக்குள் சதுரமாக நகரை அமைத்த கீர்த்தி விசுவநாத நாயக்கருக்கு உரியதென்பர். முன்னாளில் மாசியில் நடந்த பெருவிழாவை, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், அறுவடை முடிந்து குடியானவர்கள் ஓய்ந்திருக்கும் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழிச் செய்தி. விழா பெயர்ந்தது, தேர் பெயரவில்லை. பெயரோ மாசி, தேர் ஓடுவதோ சித்திரை என்ற இந்த இரண்டு மாதப் பிணக்கை என் பாட்டனாரிடம் சிறுவனாக இருக்கையில் கேட்டேன். "சுவாமிக்கு நாள் மாறினாலும் வழி மாறாதுடா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

கோட்டை போனது பிற்பாடு. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840களில், நாயக்கர் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பெற்று அகழி தூர்க்கப்பட, புறத்தே வெளிவீதிகள் தோன்றின. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் அப்பணியில் ஈடுபட்டோரை நினைப்பூட்டுகின்றன. அதுகாறும் கோட்டைக்குள் ஒதுங்கிக் கிடந்த மாசி வீதிகள் அன்றுமுதல் ஊரின் நடுவாயின.

மேலமாசி வீதிக்கென்று தனிப் பெருமைகள் உண்டு. இம்மையிலும் நன்மை தருவார் சந்நிதியில் சிவபெருமானே சிவலிங்கத்தைப் பூஜிக்கும் கோலத்தில் அமர்ந்திருக்க, நாம் லிங்கத்தின் பின்புறத்தைத் தரிசிக்கிறோம். அரசனானவன் ஆளத் தொடங்குமுன் வணங்க வேண்டுமென்று சொக்கநாதரே செய்து காட்டிய இடம் இது. பக்கத்தே மதனகோபால சுவாமி கோயில். இதன் மண்டபத் தூண்கள் இன்று எங்கே நிற்கின்றன தெரியுமா? 1912ல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்க மாது, குவியலாகக் கிடந்த 60க்கும் மேற்பட்ட சிற்பக் கற்களை விலைக்கு வாங்கிச் செல்ல, அவை பிலடெல்பியா கலைக்கூடத்தில் மண்டபமாக எழுந்து நிற்கின்றன. நம் வீதியின் ஒரு துண்டு கடல் கடந்து போயிற்றென்று வருந்துவதா, அங்கேனும் கல் மேல் கல் நிற்கிறதென்று ஆறுவதா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். வருந்துவதே நியாயமென்று இப்போது படுகிறது.

1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தியடிகள் மேலாடை துறந்து அரைத்துணியோடு வெளிவந்ததும் இவ்வீதியின் 251ஏ எண்ணுள்ள வீட்டு மாடியிலிருந்துதான். அதனை இம்மலரில் வேறொருவர் எழுதுவதாக அறிந்தமையால் நான் நிறுத்திக்கொள்ளுகிறேன்.

திண்ணைக்கு வருகிறேன். விறகு விற்ற படலத்தில், பாணபத்திரர் பொருட்டு விறகாளாக வந்த பெருமான் நகர வீதிகளிலெல்லாம் சுற்றிவிட்டு, இறுதியில் ஏமநாதன் தங்கிய வீட்டின் புறத்திண்ணையில் கட்டை இறக்கி அமர்ந்து சாதாரி பாடினார். வழிப்போக்கர் எவராயினும் கேளாமலே உட்காரலாமென்ற தர்மம் அன்றே இருந்தபடியினால்தான் ஆண்டவனுக்கும் அங்கே இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் இருந்ததும் அத்தகைய திண்ணையே. கருங்கல் விளிம்பில் பல்லாங்குழிக்காக ஏழேழாக இருவரிசை குழிகள் செதுக்கியிருக்கும். அவற்றுள் கோடியிலிருந்த குழி மட்டும் சற்று ஆழம், அதில் விழுந்த புளியங்கொட்டையை எடுக்கச் சிறுவிரலை நுழைத்துத்தான் தோண்டவேண்டும். வீதியின் எத்தனை திண்ணைகள் அப்படியிருந்தன! ஒன்றன்பின் ஒன்றாக அவை இடிக்கப்பட்டுக் கடையாயின. கடைக்கு மேல் கடை, அதற்கு மேல் விளம்பரப் பலகை. எங்கள் திண்ணையும் பங்காளிகள் விற்றபோது போயிற்று. எவரையும் குறைகூற நான் எழுதவில்லை. விற்ற பணத்தில் நானும் பங்கு பெற்றவனே.

ஆயினும் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். மேலே மாடிகள் நீண்டாலும், கீழே படிகள் நீண்டாலும், வருஷத்துக்கு ஒருநாள் தேர் வருகிறது. அதற்கு முன்னரே பந்தற்கால்கள் பிடுங்கப்படுகின்றன. தகரச் சார்ப்புகள் மடங்குகின்றன. குறுக்கே செல்லும் மின்கம்பிகள் விலக்கப்படுகின்றன. தெற்குமாசி வீதியிலிருந்து திரும்பும் இடத்தில் சக்கரத்தின் அடியில் திணித்த முட்டுக்கட்டை நசுங்கி நார்நாராய்ப் பிளந்து, தீய்ந்த மர வாசனை எழும்பும்போது, ஊரே மூச்சடக்கி நிற்கிறது. சட்டம் சொல்லியும் விடாத அங்குலத்தை மக்கள் தேருக்குத் தாமாக விடுகிறார்கள். அன்று பாம்பு அளந்ததை இன்று தேர் அளந்து வருகிறதென்று நான் துணிந்து சொல்லுவேன். இளைஞர்கள் வடம் பிடிக்க வரும்போது இதனை நினைவிற்கொண்டு, மோர் அருந்திய குவளைகளை வீதியில் எறியாதிருக்க வேண்டுமென்பது இந்தக் கிழவனின் பிரார்த்தனை.

எங்கள் வீட்டிருந்த இடத்தில் மின்விசிறிக் கடை இருக்கிறது. அதன் வாசற்படியாக இடப்பட்டிருக்கும் கல், அந்தத் திண்ணை விளிம்புதான். ஒரு வரிசைக் குழிகள் ஷட்டருக்கு அடியில் போய்விட்டன, மற்ற ஏழும் வெளியே தெரிகின்றன. திண்ணை விளிம்பிலிருந்து கை நீட்டினால் தேர்வடம் எட்டுமென்று பாட்டனார் சொல்லுவார். சென்ற சித்திரையில் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அக்கல்லின்மேல் நின்று கையை நீட்டினேன். எட்டியது.